எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன?

கொள்ளிடத்து வடகரை ஊர்களில் எழுபதைத் தாண்டியவர்களிடம், "மறுபடி வாலிபம் திரும்பினால் எதை மாற்றிச் செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு வரும் பெரியவரானாலும் சரி, திருமானூர் கடைவீதியில் டீ குடிக்கும் பெரியவரானாலும் சரி, "இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். பேச்சு நீள நீள, சிரிப்பு போய், ஏதோ ஒரு கையெழுத்தில் வந்து நிற்கும். "அந்தப் பத்திரத்தை எழுதிக் குடுத்திருக்கக் கூடாது தம்பி."

கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் மனிதர்களின் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். செய்த தவறு உடனே சுடும், செய்யாமல் விட்டதுதான் வயதான பிறகும் விடாமல் வலிக்கும் என்பது அவர்கள் கண்டது. அமெரிக்காவுக்கு அது பொருந்தலாம். நிலம் ஒன்றே சொத்தாக இருக்கும் நம் ஊர்களில், செய்துவிட்ட காரியமே, அதிலும் சார்பதிவாளர் முன்னால் கைநாட்டு வைத்த காரியமே, கடைசிவரை உறுத்துகிறது. இப்படி வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் "காலம் போச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பாதி நேரம் அது சரியல்ல.

முதலில் அந்தப் பத்திரத்தையே எடுத்துப் படிப்போம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நடை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மகன் மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுப்பதாக ஒரு வரி வரும். இன்று முதல் அவனே சர்வ சுதந்திர பாத்தியதையுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரி. கீழே, எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் இதை ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை என்று இன்னொன்று. எழுதியவர் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த நகலில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றியிருப்பார், அவ்வளவே. கொடுப்பவருக்குச் சோறு யார் போடுவார், மருந்துக்குக் காசு யார் தருவார் என்று எந்த வரியிலும் இருக்காது. மகனிடம் போய் நிபந்தனை போடுவதா என்ற கூச்சத்தில் யாரும் கேட்பதுமில்லை. இந்தக் கூச்சத்துக்கு ஊரில் கொடுக்கப்பட்ட விலை அதிகம்.

2007-இல் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்த ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரம் மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கப்பட்டதாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால், இந்தச் சட்டப்படி அமைந்த பராமரிப்புத் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டுமா என்பதில்தான் இத்தனை ஆண்டுகளாக இழுபறி. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுதேஷ் சிக்காரா வழக்கில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரி 2-ஆம் தேதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. சொத்திலிருந்து பிள்ளைகளை வெளியேற்றவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ரத்து செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்றாலே, கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது என்பது நீதிபதிகள் சொன்ன நியாயம். யாரோ அடித்து வைத்த அந்த முதல் வரி கடைசியில் ஒரு பாட்டிக்குக் காவலாக வந்து நின்றிருக்கிறது.

இதை நம்பி நிபந்தனை இல்லாமல் எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீர்ப்பு மாறலாம், பத்திரத்தில் உள்ள எழுத்து மாறாது. "என் ஆயுள்வரை நானே குடியிருந்து அனுபவித்து வருவேன், என் உணவு, உடை, மருத்துவச் செலவை நீ பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் இந்த ஏற்பாடு செல்லாது" என்று மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். அதைவிட நல்லது உயில். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளைகளுக்கு உயில் பிடிக்காமல் போவதற்கு இந்தக் கடைசி வசதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது? சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தாங்களாகவே ரத்துப் பத்திரம் எழுத முயன்று அலைய வேண்டாம். போக வேண்டிய இடம் பராமரிப்புத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் அதன் தலைவர். ஏலாக்குறிச்சிக்காரர்களுக்கு அரியலூர் ஆர்.டி.ஓ. அலுவலகம், ஜெயங்கொண்டம் பக்கத்தாருக்கு உடையார்பாளையம் கோட்டம். வெள்ளைத்தாளில் எழுதிய மனு, ஆதார் நகல், பத்திர நகல், வில்லங்கச் சான்று இவற்றோடு தொடங்கலாம். நடமாட முடியாதவர் சார்பில் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ ஓர் அமைப்போ மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் கொடுத்தாலும் ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆனால் நேரே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது மேல்.

தாமதம் செய்யாதீர்கள். எழுதி வாங்கிய மகன் அதை வெளியாருக்கு விற்று, வாங்கியவரும் விவரம் அறியாமல் பணம் கொடுத்து நேர்மையாக வாங்கியிருந்தால் சிக்கல் முற்றிவிடும்.

சொத்தே இல்லாதவருக்கும் இதே தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் உண்டு. மகன், மகள், மேஜரான பேரன், பேத்தி எல்லோரும் பொறுப்பாளிகள். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அனுபவிக்கிற அல்லது தனக்குப் பின் அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். உத்தரவிட்ட பணத்தைக் கட்டாவிட்டால் அதை வசூலிக்க வாரண்டும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது தனிக் குற்றம்: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். திருப்தியில்லை என்றால் பெரியவர் 60 நாட்களுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

பெண்களின் வருத்தம் வேறு மாதிரி. அவர்கள் கையெழுத்துப் போட்டது செட்டில்மெண்டில் அல்ல, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில். அப்பா காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் தம்பிகள் அழைத்துப்போய், சீர்வரிசை வாங்கியாச்சு என்று சொல்லி எழுதி வாங்கியது. வீரமாமுனிவர் தேம்பாவணி எழுதிய காலத்திலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழும் ஊர் ஏலாக்குறிச்சி என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவர்களுக்குச் சொத்துரிமை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இந்துக் குடும்பத்தில் கணவரின் பங்கு மனைவிக்கும் மக்களுக்கும் சமமாகப் பிரியும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தருவதில் தமிழ்நாடு 1989-லேயே முந்திக்கொண்டது, நாடு முழுக்க வர 2005 ஆனது. ஆக, கைம்பெண்ணான தாய்க்குச் சொந்தமாக ஒரு பங்கு எந்த வீட்டிலும் இருக்கிறது. அதை முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டு மருமகள் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு அவரைத் தள்ளுவது சட்டம் அல்ல, நாம்தான். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் பிடிக்கலாம். கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

அரியலூர் பக்கத்துக்கே உரிய இன்னொரு வருத்தமும் இருக்கிறது. சிமெண்ட் ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர்கள், ஒவ்வொரு காண்ட்ராக்டர் மாறும்போதும் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். தங்கைக்குக் கல்யாணம், வண்டிக்கு முன்பணம், காரணத்துக்குப் பஞ்சமா? பி.எஃப்.போடு பென்ஷன் கணக்கும் ஒன்று ஓடுகிறது என்றும், மொத்த சேவை 10 வருடம் சேர்ந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன் வரும் என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் இங்கே, நான்கு வருடம் அங்கே என்று பார்த்ததைப் பணமாக எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட்டாக வாங்கி வைத்திருந்தால் அடுத்த வேலையோடு அது சேர்ந்திருக்கும். இப்போதைய பையன்களுக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் உண்டு. புதுக் காண்ட்ராக்டர் புது எண் போட்டால் விடாதீர்கள், பழைய கணக்கை அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்களுக்கு பி.எஃப். கிடையாது. முதுமையில் அவர்களுக்கு மிஞ்சுவது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, அதுவும் தகுதி பார்த்து. 18 முதல் 40 வயதுக்குள் வங்கியிலோ தபால் நிலையத்திலோ அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தால், 60 வயதிலிருந்து 1,000 முதல் 5,000 ரூபாய்வரை உறுதியான பென்ஷன் கிடைக்கும். 5,000 ரூபாய்க்கு 18 வயதில் சேர்கிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்கிறவர் அதே பென்ஷனுக்கு மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். 41 வயதில் போனால் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள்.