பழைய மோட்டார் காரை வீட்டிலேயே பேணுதல்

நம் நாட்டுச் சாலைகளில் வயது முதிர்ந்த மோட்டார் கார்கள் இன்றும் பல ஓடுகின்றன. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து செய்யப்பட்டு வந்த அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரும் 2014-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. மும்பையில் செய்யப்பட்ட பிரிமியர் பத்மினி அவற்றிற்கு முன்பே நின்றுவிட்டது. எனினும் இவ்வண்டிகளை விடாது பேணி வருவோர் உளர். தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. பின்னர் வண்டி சாலைக்குத் தகுதியுடையது எனச் சோதனையில் கண்ட பிறகே ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. சில இடங்களில் இதனினும் கடுமையான விதிகளும் உண்டு. ஆதலின் பழைய வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது சிக்கனம் மட்டுமன்று, கடமையுமாகும்.

பழைய வண்டி என்றதும் தேய்ந்த எஞ்சினையே பலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. வண்டியில் முதலில் முதுமையடைவது இரும்பன்று. ரப்பரும் திரவங்களுமே ஆகும். இரும்புறுப்புகள் தேயும்போது ஓசையிட்டு அறிவிக்கின்றன, புகை விடுகின்றன, இழுவை குறைகிறது. ரப்பரும் திரவமும் அவ்வாறு அறிவிப்பதில்லை. வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் அவை கெட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் செய்யத்தக்க பராமரிப்பின் பெரும்பகுதி இவற்றைக் கவனிப்பதேயாகும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

குளிர்விக்கும் நீர்

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியதில் பெரும்பங்கைப் புகையும் ரேடியேட்டர் நீரும் வெளியேற்றுகின்றன. ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அது ஓர் அழுத்த வால்வு. மூடி அரை வாயுமண்டல அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால், உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 111 டிகிரி சென்டிகிரேடு வரை திரவமாகவே இருக்கும். மூடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் இந்த ஆதாயம் போய்விடுகிறது. கோடையில் ஏற்றமான சாலையில் நீர் கொதிப்பதற்குச் சிலவேளைகளில் இச்சிறு வளையமே காரணமாகிறது.

கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் ரேடியேட்டரில் ஊற்றுவது பழக்கமாக இருந்து வருகிறது. அந்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் பிரிந்து, கொதிகெண்டியின் அடியில் படிவது போலவே நீர்ப்பாதைகளில் படிகின்றன. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே காய்ச்சி வடித்த நீரோடு எதிலீன் கிளைக்கால் கலந்த குளிர்விப்புத் திரவத்தையே பயன்படுத்துதல் நன்று. இது கொதிநிலையை உயர்த்துவதோடு, இதிற் சேர்த்துள்ள பொருள்கள் துருவையும் தடுக்கின்றன. ஆனால் எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்த பழைய திரவத்தைக் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டும்படி விட்டுவைத்தல் கூடாது.

மாதம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டரின் ரப்பர் குழாய்களைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல குழாய் உறுதியாக இருந்து, அழுத்தியபின் பழைய வடிவுக்கு மீளும். பஞ்சு போல் மெத்தென்றிருப்பதும், கட்டை போல் இறுகி வெடித்திருப்பதும் மாற்றத்தக்கவை. வழியில் நீர் கொதித்துவிட்டால் மூடியை உடனே திறத்தல் ஆகாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் நீர் நீராவியாகிப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். எஞ்சினை நிறுத்தி, அது நன்கு ஆறும்வரை காத்திருப்பதே வழி.

எஞ்சின் எண்ணெய்

எண்ணெயின் அளவைச் சமதளத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக்கம்பியால் பார்த்தல் வேண்டும். எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் குற்றமன்று. கரியைத் தன்னுள் ஏந்திக் கொள்வதும் அதன் வேலையே. ஆனால் கம்பியிலோ எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலோ மோர் போன்ற வெண்மையான குழம்பு காணப்பட்டால் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். சிறு தூரமே ஓடும் வண்டியில் இது காற்றின் ஈரத்தால் சிறிதளவு உண்டாகலாம். ரேடியேட்டரிலும் நீர் குறைந்து வருமாயின், சிலிண்டர் தலைப்பின் காஸ்கெட் பழுதுற்றிருப்பதாக ஐயுற்று, வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு அறிவித்தல் வேண்டும். மாற்றி எடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய கலத்தில் சேர்த்துப் பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பிரேக்: உயிர் காக்கும் திரவம்

எஞ்சின் நின்றுவிட்டால் பயணம் தடைப்படும். பிரேக் நின்றுவிட்டால் உயிருக்கே கேடு. எனவே பழைய வண்டியில் முதற் கவனம் இதற்கே உரியது.

காலால் மிதிக்கும் விசையை மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியே இதற்கு அடிப்படை. திரவம் சுருங்குவதில்லை, வாயு சுருங்கும். பாதையில் வாயு புகுந்தால் மிதியின் விசை அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். மருந்தேற்றும் பீச்சுக்குழல்கள் இரண்டை ஊசியின்றி ஒரு மெல்லிய குழாயால் இணைத்து இதனை வகுப்பில் காட்டலாம். முழுதும் நீர் நிரம்பியிருக்கும்போது ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விட்டால் முதலாவது அமிழும், இரண்டாவது தயங்கும்.

மக்கள் இத்திரவத்தைப் ‘பிரேக் ஆயில்’ என்றே வழங்குகின்றனர். இப்பெயரால் ஒரு தவறு நேர்கிறது. வழக்கமான பிரேக் திரவம் எண்ணெயன்று. கிளைக்கால் இனத்தைச் சேர்ந்தது. எஞ்சின் எண்ணெயைச் சிறிதளவு அதில் ஊற்றினாலும் சிலிண்டர்களிலுள்ள ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டு, பிரேக் முழுவதும் செயலிழக்கும். வண்டிக்குரிய கையேட்டில் கூறிய திரவத்தை, முத்திரை உடையாத புதிய குப்பியிலிருந்து மட்டுமே ஊற்ற வேண்டும்.

கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. டி.ஓ.டி. 3 என்னும் தரத்தின்படி, புதிய திரவத்தின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையக் கூடாது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையில் அத்தரம் எதிர்பார்ப்பது 140 டிகிரி மட்டுமே. டி.ஓ.டி. 4 தரத்தில் இவ்வெண்கள் 230, 155 ஆகும். சிறிதளவு நீர் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை இதனின்றும் அறியலாம்.

இதன் விளைவு மலைச்சாலையில்தான் தெரியும். முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும் வண்டி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களோடும் பளுவோடும் 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையிலுள்ள ஏறத்தாழ 60 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் தாழ்ந்த கியரில் எஞ்சினும் இதில் ஒரு பங்கை ஏற்கும். ஓட்டுநர் கியரை மாற்றாமல் பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால் பெரும்பகுதி வெப்பம் சக்கரங்களின் பிரேக் உறுப்புகளில் தேங்கும். அங்குள்ள ஈரமான திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதி எதிர்ப்பின்றித் தரைவரை சென்றுவிடும். வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும்; மிதியும் பழையபடி உறுதியாகும். மறுநாள் பட்டறையில் ‘பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கூறப்படுவதும் இதனால் நிகழ்வதே. குற்றம் மறைந்திருக்கிறது, நீங்கவில்லை.

ஆகையால் பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வண்டி ஓடியிருப்பினும் இல்லாவிடினும், மாற்றுதல் வேண்டும். இதற்கு இருவர் தேவை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் பொதுவாகத் தொடங்குவர். அச்சக்கரத்தின் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தி, மறுமுனையைச் சிறிது பிரேக் திரவம் உள்ள குப்பியில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதியை மெல்ல அழுத்தும்போது மற்றவர் நிப்பிளைத் திறப்பார். மிதி கீழே சென்றதும் நிப்பிளை மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். குமிழியற்ற தெளிந்த திரவம் வரும்வரை இவ்வாறு செய்து, எல்லாச் சக்கரங்களுக்கும் தொடர வேண்டும். இதற்கிடையே மேலேயுள்ள தொட்டியில் திரவம் வற்றிவிட்டால் காற்று புகுந்துவிடும். முடிவில் மிதி கல்லைப் போல் உறுதியாக இருத்தல் வேண்டும். மெத்தென்றிருந்தால் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லலாகாது. உறுதியாக இருந்தாலும், முதலில் ஆளில்லாத சமதளத்தில் நடைவேகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1950-களையும் 1960-களையும் சேர்ந்த வடிவமைப்புள்ள கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவப்பாதை உள்ளது. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் செயலற்றுப்போகும். தொட்டியில் திரவம் விரைவாகக் குறைவதும், சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருப்பதும் அபாய அறிவிப்புகள். குறைந்ததை நிரப்பிவிட்டுப் பயணத்தைத் தொடர்வது பெருந்தவறு.

பாட்டரி

பாட்டரி மின்னோட்டத்தைத் தரும்போது அதிலுள்ள கந்தகாமிலம் ஈயத் தகடுகளோடு சேர்ந்து, நீர் உண்டாகிறது. அதனால் திரவத்தின் ஒப்படர்த்தி குறைகிறது. முழுமையாக மின்னேற்றிய கலத்தில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை இருக்கும். 1.20-க்கு இறங்கினால் மின்னேற்றம் தேவை. திறக்கவியலாத பாட்டரியாயின் வோல்ட்டுமானி உதவும். ஓய்விலிருக்கும் 12 வோல்ட்டுப் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டினால் நிறைந்துள்ளது, 12.0 காட்டினால் ஏறக்குறைய வற்றிவிட்டது. குறையும் நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். அமிலத்தை ஊற்றக் கூடாது.

மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது கலந்தாலே தீப்பற்றும். ஆதலின் பாட்டரியின் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. இணைப்பைக் கழற்றும்போது, வண்டியின் உடலோடு இணைந்துள்ள முனையை முதலிற் கழற்றி, கடைசியிற் பூட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் ஸ்பானர் தவறி உடலில் பட்டாலும் பெருமின்னோட்டம் பாயாது.

பெட்ரோல் குழாய்கள்

இந்தியாவில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023-இல் தொடங்கிப் பின்னர் பரவியது. இதனால் பழைய வண்டிகளுக்குப் புதிய கவனம் ஒன்று தேவையாயிற்று. எதனால் பழைய வகை ரப்பரை உப்பச் செய்தோ இறுகச் செய்தோ கெடுக்கக்கூடும், ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே பெட்ரோல் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய்களை எதனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுதல் நன்று. குழாயை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தென்பட்டால் தாமதிக்கக் கூடாது. சூடான எஞ்சினின் மேல் ஒழுகும் பெட்ரோல் வண்டியையே எரித்துவிடும். நெடுநாள் நிறுத்தி வைக்கும் வண்டியின் தொட்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைப்பதும் நன்றன்று.

டயர்

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். ஆனால் குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேயுமுன்பே முதுமையடையும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றியிருந்தால், பள்ளம் ஆழமாக இருப்பினும் அதனை நம்பலாகாது.

வேலை செய்வோரின் பாதுகாப்பு

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது; தாங்கி நிற்பதற்கன்று. வண்டியின் அடியில் செல்வதற்கு முன், உறுதியான சமதளத்தில், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி நிறுத்த வேண்டும். செங்கல் திடீரென நொறுங்கும் தன்மையுடையது. அதனைத் தாங்கலாக வைப்பது உயிருக்கு ஆபத்து. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுதலும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மயக்கம் வருமுன் அதனை உணர இயலாது.

ஸ்டியரிங் இணைப்புகள், மாஸ்டர் சிலிண்டரின் உட்பகுதி, எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஆகியவற்றைப் பயிற்சியற்றவர் பிரித்தலாகாது. அவற்றைப் பட்டறைக்கு விட வேண்டும். வீட்டிற் செய்த பணிகளையும் அவற்றின் நாளையும் ஓட்டத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். பிரேக் திரவம் எப்பொழுது மாற்றப்பட்டது என்பதை நினைவைக் கொண்டு கூறுவது இயலாது. குறிப்பேட்டைக் கொண்டு கூறலாம். மலைப்பயணத்திற்குப் புறப்படுமுன் அக்குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பழைய வண்டியுடையோர் யாவர்க்கும் உகந்த வழக்கமாகும்.