அடைவுத் தேர்வும் நம் தெருப் பிள்ளைகளும்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அரசு ஒரு தேர்வு வைக்கிறது. அப்படி ஒன்று நடந்ததே பிள்ளையைப் பெற்றவளுக்குத் தெரியாது. திருச்செந்தூர் வட்டாரத்தில் வாழைத் தோட்டத்துக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கூலிக்குப் போகிற தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். காலாண்டு, அரையாண்டு தெரியும். அடைவுத் தேர்வு என்றால், "அது என்னது?" என்றுதான் கேட்பார்கள்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது. ஏறத்தாழ 46 ஆயிரம் பள்ளிகள், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். முடிவை மாநிலத் திட்டக் குழு வெளியிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் முன்வரிசையில் நின்றது. எந்த மாவட்டம் முந்தியது, எது பிந்தியது என்று செய்தி வந்தது. நம் தெருவில் எத்தனை பிள்ளைகள் நான்கு வரித் தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அந்தத் தேர்வில் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை யார்? 2020-இல் முதல் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளை. கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அது இரண்டாம் வகுப்பு. 'அ'னா 'ஆ'வன்னா எழுத வேண்டிய ஒன்றரை ஆண்டு, வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் கழிந்தது. நான்காம் வகுப்பில் வெள்ளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளம். தாமிரபரணியின் கடைக்கோடியில் பள்ளமான இடம் எதுவோ அங்கேதான் நம் வீடுகள் இருக்கின்றன. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார், வரவேற்கிறோம். அடுத்த மழைக்குத் தண்ணீர் வடியவும் வழி செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். பாடப் புத்தகம் ஊறிப்போன அந்தப் பிள்ளைக்கும், மாடி வீட்டில் புத்தகம் நனையாத பிள்ளைக்கும் வைத்தது ஒரே கேள்வித்தாள்தான்.

ஒன்றிய அரசின் தேசிய அடைவுத் தேர்வு இதைவிட விநோதம். தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும் 2021 நவம்பர் 12 அன்று நடத்தினார்கள். பள்ளி திறந்து பன்னிரண்டாவது நாள்! மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் தமிழ்நாடு தேசிய சராசரிக்குக் கீழே போனது. பிள்ளைகள் மக்காகிவிட்டார்கள் என்று பேசியவர்கள் நாள்காட்டியைப் பார்த்திருக்கலாம்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் நாள்காட்டியோடு கதை முடிவதில்லை. சிறுவர் இதழ்களில் 'வழி கண்டுபிடி' என்று ஒரு படப் புதிர் வருமே, அதை வைத்து உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 6, 7-ஆம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேர். பாதி ஆதிக்க சாதி, பாதி தலித். யார் என்ன சாதி என்று சொல்லாமல் புதிரைக் கொடுத்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். ஒவ்வொருவர் பெயரையும் அப்பா, தாத்தா பெயரையும் சாதியையும் உரக்க வாசித்துவிட்டுக் கொடுத்தபோது, தலித் சிறுவர்கள் முடித்த புதிர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. மூளை அதேதான். சாதியைச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும்தான் புதிது. 'எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்க, உதவித்தொகைக்குப் பெயர் எழுதணும்' என்று வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடைத்தாள் திருத்துவதைப் பற்றி 2012-இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வில், தாளின் முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்தால் ஆசிரியர்கள் கொஞ்சம் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டது தெரிந்தது. அப்படிக் குறைத்தவர்களில் முன்நின்றவர்கள் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களே. நமக்குக் கசக்கத்தான் செய்யும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

நம் பக்கத்து நிலவரம் என்ன? காமராசர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரத்துக்கு அருகில், உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைச் சில பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று 2023 செப்டம்பரில் புகார் எழுந்தது. கனிமொழி எம்.பி. நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த மாணவன் மறு ஆண்டு பிளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தான். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவரின் சாதி வகுப்பறையில் வெளிப்படக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. தொடக்கப் பள்ளியிலிருந்தே அது நடக்க வேண்டும். காலை உணவுத் தட்டில் ஒதுக்கப்பட்ட பிள்ளை பத்து மணிக்குக் கணக்குப் போடும்போது மட்டும் எல்லாரோடும் சமமாகிவிடுமா?

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 5, 8-ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அரசு அறிவித்தபோது எதிர்த்தோம். 2020 பிப்ரவரியில் அது ரத்தானது. பத்து வயதுப் பிள்ளையை 'ஃபெயில்' என்று எழுதினால் அது கொடிக்காலுக்கோ செங்கல் சூளைக்கோதான் போகும். அடைவுத் தேர்வு அப்படிப்பட்டதில்லை. இதில் பிள்ளைக்குத் தேர்ச்சி, தோல்வி கிடையாது, மதிப்பெண் பள்ளிக்கூடத்துக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றிருக்கும் ஈராசிரியர் பள்ளியில், பயிற்சி என்றும் கணினிப் பதிவு என்றும் ஒருவர் போய்விட்டால் மற்றவர் என்ன செய்வார்? அதை அரசுக்கு நிரூபிக்க நம் கையில் இருக்கும் தாள் இதுதான்.

மாநிலத் தேர்வு எல்லாப் பள்ளிகளிலும் நடந்ததால் பள்ளிவாரியாகவே கணக்குப் பார்க்கலாம். அதைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். உங்கள் ஊர்க் குழுவில் நம் தெருவிலிருந்து யார் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். பெயர் மட்டும் இருந்து, கையெழுத்தை வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்களா என்றும் பாருங்கள். பிறகு தலைமையாசிரியரிடம் பள்ளியின் அடைவுத் தேர்வு முடிவைக் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், வாசிக்காதவர்களுக்கு இந்தப் பருவத்தில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அவர் எதிரியல்ல, ஆசிரியர் பற்றாக்குறை என்று அவர் சொன்னால் அதையே தீர்மானமாக எழுதி கிராம சபைக்குக் கொண்டுபோகலாம்.

ஒரு சிக்கல் உண்டு. குழுக் கூட்டம் பெரும்பாலும் வேலைநாள் பிற்பகலில் நடக்கிறது. அந்த நேரத்தில் நம் தாய்மார் தோட்டத்தில் இருப்பார்கள். வந்தால் அன்றைய கூலி போச்சு. கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்கச் சொல்லி முதலில் ஒரு மனு கொடுங்கள். எழுதித் தர தெருவில் ஒரு கல்லூரிப் பிள்ளை இருக்கும்.