இல்லம் தேடிக் கல்வி: நெருக்கடியும் கற்றல் குறித்த முற்கோள்களும்

பள்ளி மூடப்பட்டால் கற்றல் நின்றுவிடும். திறக்கப்பட்டால் தானே மீளும். இவ்விரு கருத்துகளும் ஆராயப்படாமலேயே ஏற்கப்படுகின்றன. 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூர் போன்ற வேளாண் ஊர்களில் இவை சோதனைக்குள்ளாயின. கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீட்டிற்குள் கொணர்ந்தது; ஆயின் குழந்தையின் பிழையைக் கேட்டுத் திருத்த அதனால் இயலாது.

2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’ இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு அவ்வூரில் வாழும் தன்னார்வலரே மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். ஆசிரியப் பயிற்சி பெறாதாரால் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடானது. அம்மீட்பில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தின் பயன். தானே மீளும் என்பது இதனால் தளர்கிறது. எனினும் எஞ்சிய முக்கால் பங்கு இத்திட்டத்தின் கணக்கில் சேராது. தன்னார்வலரை ஆசிரியருக்கு மாற்றாகக் கொள்ள இவ்வெண் இடந்தரவில்லை.

கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகினால் கரையோரப் பள்ளிகள் மீண்டும் மூடப்படலாம். அப்போது ஊருக்குள் கற்பிப்பவர் யார் என்பதை இப்போதே வரையறுக்க வேண்டியுள்ளது.