துப்பாக்கிக்கு அடைக்கலம் தரும் ஊர்கள்

எங்கள் எடமலைப்பட்டி புதூரில் வார்டுக் கூட்டம் போட்டால் என்ன பேசுவோம்? பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குடிதண்ணி. நடுவில் ஒருத்தர் எழுந்து, "மத்திய அரசோட ஆயுதச் சட்டம் இனிமே நம்ம வார்டுக்குள்ள செல்லாதுன்னு ஒரு தீர்மானம் போடுவோம்" என்று சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த பிரச்சனைக்குப் போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே மாதிரித் தீர்மானத்தை நூற்றுக்கணக்கான உள்ளாட்சிகள் போட்டிருக்கின்றன. யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் அங்கே நடக்கிறது, அதற்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறதா, நம்ம நாட்டில் அதற்குப் பக்கத்தில் வரக்கூடிய விஷயம் எது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர் எங்கிருந்து வந்தது

அங்கே இந்த ஊர்களுக்கு 'சாங்க்சுவரி' என்று பெயர். அடைக்கலம் தரும் இடம். முதலில் இது துப்பாக்கிக்கான சொல்லே இல்லை. உரிய காகிதம் இல்லாமல் குடியேறியவர்களைப் பிடிக்க மத்திய அரசுக்கு எங்கள் ஊர் போலீஸ் உதவாது என்று சில நகரங்கள் முடிவெடுத்தன. சான் ஃபிரான்சிஸ்கோ 1989ல் அதைச் சட்டமாகவே போட்டது. இது பெரும்பாலும் இடதுசாரி நகரங்களின் வேலை.

2018ல் இல்லினாய் மாநிலத்தின் எஃபிங்ஹாம் கவுண்டி அதே சொல்லை அப்படியே எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பியது. நீங்க குடியேறிகளுக்கு அடைக்கலம் கொடுத்தா, நாங்க துப்பாக்கி வெச்சிருக்கிறவனுக்கு அடைக்கலம் கொடுக்கிறோம் என்பதுதான் அதன் சாரம். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு: அதை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, அதன் போலீஸ் தலைவரான ஷெரிஃபும் பெரும்பாலும் ஓட்டு வாங்கி வருகிறவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2019 நவம்பரில் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தை ஜனநாயகக் கட்சி பிடித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று தெரிந்ததும், அந்த மாநிலத்தின் 95 கவுண்டிகளில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் தீர்மானம் போட்டுவிட்டன.

தீர்மானத்துக்குள் என்ன இருக்கிறது

எல்லாத் தீர்மானமும் ஒன்றில்லை. மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை வெறும் கருத்து. அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் தரும் ஆயுத உரிமையை மதிக்கிறோம், புதுச் சட்டம் வேண்டாம், அவ்வளவுதான். வர்ஜீனியாவில் பெரும்பாலும் இதுதான். இவற்றுக்குச் சட்டப்படி எந்த விளைவும் இல்லை என்று அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் 2019 டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது வகை ஒத்துழையாமை. சட்டம் செல்லாது என்று சொல்லவில்லை. எங்க பணத்தையும் எங்க ஆளையும் அதுக்குச் செலவழிக்க மாட்டோம் என்கிறது.

மூன்றாவது வகை நேரடி மோதல். மிசோரி மாநிலம் 2021ல் போட்ட சட்டம் இதற்கு உதாரணம். சில மத்திய துப்பாக்கிச் சட்டங்கள் இங்கே செல்லாது, அவற்றை அமல்படுத்தும் உள்ளூர் போலீஸ் துறைக்கு 50,000 டாலர் அபராதம் என்றது. இதே ரகத்தில், ஓரிகன் மாநிலத்தின் கொலம்பியா கவுண்டி, மத்திய அரசு மட்டுமல்ல, தன் மாநிலம் போட்ட துப்பாக்கிச் சட்டங்களையும் அமல்படுத்தக் கூடாது என்று விதி போட்டது.

இரண்டாவது வகை மட்டும்தான் ஓரளவு நிற்கும். காரணம் 1997ல் வந்த பிரின்ட்ஸ் வழக்கு. துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை உள்ளூர் போலீஸ் அதிகாரிதான் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு போட்ட பிரேடி சட்டத்தை எதிர்த்து, மொன்டானாவைச் சேர்ந்த ஷெரிஃப் ஜே பிரின்ட்ஸ் வழக்குப் போட்டார். 5க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு சட்டம் போடலாம், தன் ஆளை வைத்து அமல்படுத்தலாம். மாநில, உள்ளூர் அதிகாரியை அதற்கு வேலை வாங்க முடியாது. துப்பாக்கிக்காரர்கள் வாங்கிய இந்தத் தீர்ப்பைத்தான் இன்று குடியேறிகளுக்கு அடைக்கலம் தரும் நகரங்களும் கேடயமாகப் பிடிக்கின்றன. அதுதான் வேடிக்கை.

எங்க தொழிலில் சொன்னால், அட்மின் பாஸ்வேர்டு இல்லாதவன் சர்வரில் இருக்கும் ஃபைலை அழிக்க முடியாது. ஆனால் தனக்குக் கொடுத்த வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருக்க முடியும். மிசோரியும் கொலம்பியா கவுண்டியும் ஃபைலையே அழிக்கப் பார்த்தன. கொலம்பியா கவுண்டியின் விதியை ஓரிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023ல் ரத்து செய்தது. மிசோரி சட்டத்தை அதே ஆண்டு மத்திய மாவட்ட நீதிமன்றம் செல்லாது என்றது, 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். பிரின்ட்ஸ் தீர்ப்பு மத்திய அரசுக்கு எதிராகத்தான் உதவும். மாநிலத்துக்கு எதிராக ஒரு கவுண்டி அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் கவுண்டியே மாநிலம் உருவாக்கிய பிள்ளை.

செய்யாமல் இருப்பதற்கும் விலை உண்டு

இதெல்லாம் வக்கீல்களின் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கொலராடோ மாநிலம் 2019ல் 'ரெட் ஃப்ளாக்' சட்டம் கொண்டுவந்தது. ஒருத்தர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்தில் மனுப்போட்டு, அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கலாம். அதே ஆண்டு அங்கே எல் பாசோ கவுண்டி அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

2021ல் அந்தக் கவுண்டியில் ஒரு இளைஞர், வெடிகுண்டு மிரட்டல் விட்டதாகக் கைதானார். வழக்கு நிற்கவில்லை. ரெட் ஃப்ளாக் மனுவும் யாரும் போடவில்லை. 2022 நவம்பரில் அதே ஆள் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தின் கிளப் கியூ விடுதியில் துப்பாக்கியால் சுட்டு 5 பேரைக் கொன்றார். மனுப் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கையில் இருந்த ஒரு கருவி எடுக்கப்படவே இல்லை என்பது மட்டும் உண்மை.

நம்ம ஊர்ல ஏன் முடியாது

இப்போ வார்டுக் கூட்டத்துக்கு வருவோம். ஆயுதம், வெடிமருந்து இரண்டும் நம் அரசியல் சாசனத்தில் மத்தியப் பட்டியலின் 5ஆவது இனம். சட்டம் பாராளுமன்றத்துக்கு மட்டும் சொந்தம். துப்பாக்கி லைசென்ஸ் தருகிறவர் பெரும்பாலும் கலெக்டர். நகரத்தில் கமிஷனர். இரண்டு பேருமே ஓட்டு வாங்கி வருகிறவர்கள் இல்லை. போலீஸ் மாநில அரசின் கையில். மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் மாநிலச் சட்டம் என்ன அதிகாரம் கொடுத்ததோ அதுதான். ஆக, நம்ம கவுன்சிலர் 'என் ஆளை அனுப்ப மாட்டேன்' என்று சொல்வதற்குக்கூட அவரிடம் அப்படி ஒரு ஆள் இல்லை. ஷெரிஃபை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

அதைவிட முக்கியம் 256ஆவது பிரிவு. பாராளுமன்றம் போட்ட சட்டம் நடைமுறைக்கு வருகிற மாதிரித்தான் மாநில அரசு தன் அதிகாரத்தைச் செலுத்த வேண்டும், அதற்காக மத்திய அரசு உத்தரவும் போடலாம் என்கிறது அது. பிரின்ட்ஸ் தீர்ப்புக்கு நேர் தலைகீழ். அங்கே உள்ளூர் அதிகாரியை வேலை வாங்கக் கூடாது, இங்கே வேலை செய்வது கடமை.

இந்த 'மேலிருந்து கீழே' வழி நேற்று வந்ததில்லை. அதன் ஆரம்பத்தில் நம்ம திருச்சியும் இருக்கிறது. 1801 ஜூன் 16ல் மருதுபாண்டியர் வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவிலிலும் ஒட்டப்பட்டது. கம்பெனிக்கு எதிராகச் சேருங்கள் என்று பொதுமக்களைப் பார்த்துப் பேசிய அறிக்கை அது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். டிசம்பர் 1ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பதில் மாதிரி ஒரு பிரகடனம் விட்டார்: பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு 1860ல் ஆயுதப் பறிப்புச் சட்டம், 1878ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு 1959ஆம் ஆண்டுச் சட்டம்.

விதிவிலக்கு: குடகு

இவ்வளவு இறுக்கத்துக்கு நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதுவும் பக்கத்து மாநிலத்தில். 1861 பிப்ரவரியில் மைசூர், குடகு கமிஷனராக இருந்த மார்க் கப்பன், ஆயுதப் பறிப்புச் சட்டம் குடகு மக்களுக்குப் பொருந்தாது என்று அறிவித்தார். காரணம்: விசுவாசம், வீரம், பிரிட்டிஷாருக்குச் செய்த உதவி. தூக்குக்கு ஒரு கணக்கு, பரிசுக்கு ஒரு கணக்கு.

அந்தப் பரிசு இன்னும் ஓடுகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, பொதுநலன் கருதி யாருக்கும் விலக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1963ல் குடகு இனத்தவருக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஜம்மா என்பது படைச் சேவைக்காக அந்தக் காலத்தில் கொடுத்த பரம்பரை நிலம். 2019 அக்டோபரில் மத்திய உள்துறை இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பர் ஆரம்பத்தில் வரும் கயில்போல்து பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை போடுவார்கள். நம்ம ஆயுத பூஜைக்கு ஸ்பேனரும் ஸ்கூட்டரும் மாதிரி அங்கே துப்பாக்கி.

அந்த நீட்டிப்பு வந்த இரண்டே மாதத்தில், 2019 டிசம்பரில், பாராளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. ஒருத்தர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை 1 வருடத்திலிருந்து 2 வருடமாக ஏறியது. வர்ஜீனியா கவுண்டிகள் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்ததும் அதே வாரங்களில்தான்.

இதில் நெருடுவது என்ன? குடகில் பிறந்த ஒருத்தருக்குக் குடும்பச் சொத்தாக இருக்கும் பொருள், வேறு சாதியில், வேறு மாவட்டத்தில் பிறந்தவருக்குக் குறைந்தது இரண்டு வருடச் சிறை. அதே குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் எரவரும் ஜேனு குருபரும்கூட இன அடிப்படையிலான அந்த விலக்கில் இல்லை. சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்கும் வந்தது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. போர்மரபுள்ள சமூகம், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே அனுபவித்து வரும் சலுகை, காலவரம்பும் நிபந்தனையும் உள்ளது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள்.

குடகும் எஃபிங்ஹாமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே எதிரெதிர். எஃபிங்ஹாமில் ஊர் கூடிச் சொன்னது. குடகில் ஊரோ, ஊராட்சியோ எதையும் அறிவிக்கவில்லை, டெல்லி கொடுத்தது. கொடுத்தவர் நினைத்தால் திருப்பி எடுக்கவும் முடியும்.

அப்படியானால் தீர்மானமே வீணா?

இல்லை. மதுரை மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக, அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் 2024 நவம்பரில் கிராம சபையில் தீர்மானம் போட்டன. கனிம ஏலத்தை ரத்து செய்ய கிராம சபைக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. ஆனாலும் டிசம்பர் 9ல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, ஜனவரியில் மக்கள் மதுரைக்கு நடந்தார்கள், 2025 ஜனவரி 23ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022லிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் திட்டம் கைவிடப்படவில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013ல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றதும் திட்டம் நின்றது. ஏனென்றால் அங்கே வன உரிமைச் சட்டத்தை வைத்து உச்ச நீதிமன்றமே கிராம சபையைக் கேட்கச் சொல்லியிருந்தது.

நியம்கிரியில் சட்டம் கையில் இருந்தது. அரிட்டாபட்டியில் கூட்டம் கையில் இருந்தது. வர்ஜீனியாவும் இந்த இரண்டாவது ரகம்தான்: தீர்மானங்களுக்கு விளைவு இல்லை என்று அட்டர்னி ஜெனரல் சொன்னாலும், 2020 பிப்ரவரியில் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடை மசோதா ஆளுங்கட்சிக்காரர்கள் சிலரே பின்வாங்கியதால் நின்றுபோனது. ஆனால் அதே ஆண்டு ரெட் ஃப்ளாக் சட்டம் அமலுக்கு வந்தது, தீர்மானம் போட்ட கவுண்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

அதனால் எந்த ஊர் எந்தத் தீர்மானம் போட்டாலும் நான் இப்போது மூன்று விஷயம் பார்க்கிறேன். அந்தச் சட்டத்தைப் போட்டது யார்? அதை அமல்படுத்தும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? தீர்மானத்தை நம்பி ஒருத்தர் மாட்டிக்கொண்டால் ஜெயிலுக்குப் போவது யார்? முதல் இரண்டுக்கும் பதில் 'நாங்கள் இல்லை' என்றால், அந்தத் தீர்மானம் மேலே உள்ளவர்களுக்கு எழுதிய மனு. மனு எழுதுவது நல்ல விஷயம், சில நேரம் ஜெயிக்கும். ஆனால் அதை லைசென்ஸ் என்று நினைத்து யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மூன்றாவது கேள்விக்கான பதில் எப்போதுமே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயராக இருப்பதில்லை.