ஒரே வாயு, இரண்டு சுற்று
நள்ளிரவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் மின்தூக்கிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். உங்களை மேலே தூக்கிச் செல்வது பெரும்பாலும் எரிவாயுதான். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு அதிலிருந்தே கிடைக்கிறது. அணை கட்டப் பெரிய ஆறில்லை. காற்றாலைக்கு வேண்டிய காற்றும் இல்லை. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்வழி வாயு வருகிறது. 2013 முதல் ஜூரோங் தீவில் கப்பலிலும் வந்திறங்குகிறது, சுமார் மைனஸ் 160 டிகிரிக் குளிரில், திரவமாக!

மின்நிலையத்தினுள் நடப்பதுதான் அழகு. வாயு எரிந்து முதல் டர்பைனைச் சுழற்றும். வெளியேறும் புகையின் சூட்டையும் விடுவதில்லை. அதில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகிறார்கள். பிற்பகல் மழைமேகம் சூரியத் தகடுகளை மறைக்கும்போது விரைந்து ஈடுகொடுப்பவையும் இந்த டர்பைன்களே.