நட்சத்திரத் தையல்: கைத்திறன், கல்வி, உழைப்பு

கைத்திறன்களைப் பற்றி நம்மிடையே தோன்றும் எழுத்துக்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, செய்முறைக் கைந்நூல். மற்றது, மரபுக்கலை என்று போற்றும் புகழுரை. முன்னது உழைப்பவரை மறந்துவிடுகிறது. பின்னது உழைப்பையே மறைத்துவிடுகிறது. ஒரு சிறு தையலை எடுத்துக்கொண்டு, அதன் செய்முறையையும் அது கற்கப்படும் விதத்தையும் அதற்குக் கிடைக்கும் மதிப்பையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லும் எழுவைதீவில், கடற்கரைக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டு விறாந்தையில் பாட்டியொருவர் தம் பேர்த்திக்கு நட்சத்திரத் தையல் பழக்கிக்கொண்டிருந்ததைக் கண்டபோதே இப்பொருள் என் கவனத்திற்கு வந்தது. வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு மரவளையம், மழுங்கிய முனையுடைய ஊசி, சிவப்பு நூல் ஆகியனவே அவர்களிடமிருந்த கருவிகள். அச்சடித்த மாதிரிப்படம் எதுவும் இல்லை. “எண்ணு பிள்ளை, பாக்காதை, எண்ணு” என்பதே பாட்டி திரும்பத் திரும்பக் கூறிய பாடம்.

அப்பாடத்தின் பொருள் செய்முறையை அறிந்தாலன்றி விளங்காது. பூத்தையலிற் பல வகைகள் துணியின் மேல் வரைந்த கோட்டைப் பின்பற்றுவன. சங்கிலித் தையலும் காம்புத் தையலும் இத்தகையன. நட்சத்திரத் தையலோ துணியின் நெசவையே அளவுகோலாகக் கொள்வது. பாவிழை நான்கும் ஊடிழை நான்குமாக ஒரு சிறு சதுரம் கொள்ளப்படுகிறது. அதன் நான்கு மூலைகளும், நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளுமாக எட்டு இடங்கள் அமைகின்றன. இவற்றில் ஒன்றில் ஊசியைக் கீழிருந்து மேலே எடுத்து, சதுரத்தின் மையத்திற் கீழே இறக்க வேண்டும். பின்னர் அடுத்த புள்ளியில் மேலே எடுத்து, மீண்டும் அதே மையத்தில் இறக்க வேண்டும். எட்டு முறை இவ்வாறு செய்ய, எட்டுக் கதிர்களுடைய நட்சத்திரம் நிறைவுறும்.

இங்கு இரண்டு நுட்பங்கள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, ஊசி எப்பொழுதும் வெளிப்புள்ளியில் மேலெழுந்து மையத்திலேயே கீழிறங்க வேண்டும் என்பது. மாறாக மையத்தில் மேலெழுந்தால், அங்கு ஏற்கெனவே இறங்கிய இழைகளை ஊசி குத்திப் பிளந்துவிடும். மையமும் பொருமிக் கட்டையாகிவிடும். முறைப்படி செய்து ஒவ்வொரு தடவையும் நூலை ஒரே அளவாக மெல்ல இழுத்தால், துணியிழைகள் விலகி மையத்தில் ஒரு சிறு கண் திறக்கும். அக்கண்ணே இத்தையலின் அழகு. இரண்டாவது, கதிர்கள் சம நீளமுடையனவல்ல என்பது. பக்க நடுவிலிருந்து மையம் இரண்டு இழைத் தூரம். மூலையிலிருந்தோ ஏறத்தாழ 2.8 இழைத் தூரம். ஆகவே இந்நட்சத்திரத்தின் வெளிவரம்பு வட்டமன்று, சதுரமே. ஓர் இழையைத் தவறவிட்டால் அச்சதுரம் கோணும். அடுத்தடுத்து வரும் நட்சத்திரங்கள் யாவும் தம் இடத்தினின்றும் விலகும். “பாக்காதை, எண்ணு” என்று பாட்டி கூறியதன் நியாயம் இதுவே. கண் ஏமாறக்கூடும்; எண்ணிக்கை ஏமாறாது.

இத்தையலைப் புரட்டிப் பார்த்தால் இன்னொரு செய்தி புலப்படும். முன்புறத்தில் ஒவ்வொரு கதிரும் வெளிப்புள்ளியிலிருந்து மையம் வரை செல்கிறது. பின்புறத்தில் நூல் மையத்திலிருந்து அடுத்த வெளிப்புள்ளிக்குச் செல்கிறது. எட்டுக் கதிர்களின் நீளத்தையும் கூட்டிப் பார்ப்போமாயின், முன்புறத்திற் செலவான அளவு நூலே பின்புறத்திலும் செலவாகியிருப்பதைக் காணலாம். அதாவது, நட்சத்திரத்தின் சரிபாதி எவர் கண்ணிலும் படாத பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டி முதலிற் புரட்டிப் பார்த்ததும் அப்பக்கத்தையே. முடிச்சுக்களின்றியும் குறுக்கே இழுபட்ட நூல்களின்றியும் இருந்தால் மட்டுமே வேலை சரியென அவர் ஏற்றுக்கொண்டார். சிறுமி மூன்று முறை பிரித்துத் தைத்தாள்.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? தீவகத்தில் எண்ணிச் செய்யும் கைவேலை புதியதன்று. பனை நிறைந்த இத்தீவுகளிற் பெட்டி, கடகம், பாய், தடுக்கு என்பவற்றை இழைப்போர் ஓலைச் சார்வை எண்ணியே தூக்கியும் தாழ்த்தியும் கோலம் அமைப்பர். ஊசியும் நூலும் கொண்ட சட்டமுறைப் பூத்தையற் கல்வி யாழ்ப்பாணத்திற் பரவியமைக்கு மிசனரிப் பாடசாலைகள் முக்கிய காரணமாயின. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ 1824 இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். எழுத்தும் வாசிப்பும் கிறித்தவ போதனையும் கற்பிக்கப்பட்ட அச்சூழலில் தையலும் ஒரு பாடமாக இருந்தது. பெண்ணுக்கு எழுத்தறிவைத் திறந்துவிட்ட அதே கல்வி, அவளை அடக்கமும் சிக்கனமும் வாய்ந்த இல்லத்தரசியாக வார்க்கவும் முனைந்தது. இம்முரண்பாட்டை மறைத்து மிசனரிக் கல்வியை முற்றாகப் போற்றுவதும் முற்றாகத் தூற்றுவதும் வரலாற்று நோக்கு ஆகா.

கடலுக்கு அப்பால் நாகர்கோயிலில் இம்முரண்பாடு மேலும் கூர்மையாக வெளிப்பட்டது. இலண்டன் மிசனைச் சேர்ந்த மார்த்தா மோல்ற் அங்கு 1821 இற் பெண்களுக்குப் பின்னற்சரிகை வேலையைக் கற்பித்தார். அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் அவ்வேலையில் ஈட்டிய பணத்தைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். கைவேலைக்குக் கூலி கிடைத்தபோது அது விலங்கை உடைக்கும் கருவியாயிற்று என்பதற்கு இது சான்றாகும்.

ஆயின் கூலி கிடைப்பது மட்டும் போதுமானதன்று. நொற்றிங்காம் நகரின் சரிகைத் தொழிலில் ஒன்பது, பத்து வயதுச் சிறுவர்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே படுக்கையிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டு வேலைக்கு விடப்பட்டமையை மார்க்சு ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எடுத்துக்காட்டுகிறார். 1863 இல் இலண்டனில் இருபது வயதுத் தையற்காரி மேரி ஆன் வோக்லி, ஓய்வின்றி இருபத்தாறரை மணி நேரம் உழைத்த பின் இறந்த செய்தியும் அந்நூலிற் பதிவாகியுள்ளது. சீமாட்டிகளின் நடன உடைக்கு அழகு சேர்த்த ஊசியே அவளுடைய உயிரைக் குடித்தது. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியிற் சரிகை பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் 1982 இல் வெளியிட்ட நூல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஏற்றுமதிச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள் தொழிலாளராக அன்றி, ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகளாகவே கணிக்கப்பட்டனர். அக்கணிப்பே கூலியைக் குறைத்து வைப்பதற்கு வசதியாயிற்று.

நம் நாட்டிலும் 1978 இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின், பெண்ணின் தையலறிவு ஆடைத் தொழிற்சாலைகளின் மலிவான மூலவளமாயிற்று. பெண்ணின் விரல்கள் ‘இயல்பாகவே’ நுண்மையானவை என்று கூறப்படுவதுண்டு. அவ்வாறு கூறுவது, அவ்விரல்கள் பெற்ற பயிற்சிக்கு விலை கொடுக்க மறுப்பதாகும். எழுவைதீவுச் சிறுமி மூன்று முறை பிரித்துத் தைத்ததைக் கண்ட எவரும் அதனை இயல்பு என்று கூறத் துணியார். அது கல்வி, காலமும் பொறுமையும் செலவிட்டு உழைத்துப் பெற்ற கல்வி.

1990 இன் பின்னர் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீட்டையும் வள்ளத்தையும் விட்டுச் சென்றவர்கள் பலர். ஊசியையும் விரலறிவையும் எங்கும் கொண்டு செல்ல முடிந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வாழ்வாதார உதவி என்ற பெயரிற் பெண்களுக்குத் தையற் பயிற்சிகள் வழங்கப்பட்டன. துணியும் நூலும் எங்கிருந்து வரும், செய்த பொருளை யார் வாங்குவார், விலையை யார் நிர்ணயிப்பார் என்ற வினாக்களுக்கு விடையின்றி அளிக்கப்படும் பயிற்சி சான்றிதழோடு முடிந்துவிடும். படகுப் பயணத்தையும் இடைத்தரகரையும் கடந்தே சந்தையை அடைய வேண்டிய சிறு தீவொன்றில் இவ்வினாக்கள் இன்னும் கடுமையானவை. தனித்தனியே தைப்போர் கூட்டுறவாக இணைந்து, செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டு விலை பேசும்போதுதான் இத்திறன் வாழ்வுக்கு ஆதாரமாகும்.

நட்சத்திரத் தையலைக் கற்பிப்போர் முதலிற் சொல்லிக் கொடுப்பது இழைகளை எண்ணுவதற்கே. அத்தோடு மணித்தியாலங்களையும் எண்ணக் கற்பித்தல் வேண்டும். புரட்டிப் பார்க்கும் பழக்கமும் துணியோடு நின்றுவிடலாகாது. கடையில் அடுக்கப்பட்ட அழகிய மேசை விரிப்பின் மறுபக்கத்தில் எவருடைய எத்தனை இரவுகள் உள்ளன என்பதையும் நாம் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.