ஆலை வருகிறது, நம் குடும்பங்கள் தயாரா?

கையால் செய்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்குகிறது. அறுவடைக்கு அறுவடை வந்த கூலி, மாதச் சம்பளமாகிறது. பொழுது விடிவதும் அடைவதும் போய், ஷிப்டு நேரம் வீட்டை நடத்துகிறது. இந்த மாற்றத்தைத்தான் தொழில்மயமாதல் என்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் வேகம் பிடித்த இது, இன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் நெல், கரும்பு, மல்லாட்டையை நம்பி வாழ்ந்த பூமி. இங்கே ஆலை என்றால் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். இப்போது திண்டிவனத்தில் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. அங்கே ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. திட்ட முதலீடு 400 கோடி ரூபாய். எதிர்பார்க்கப்படும் நேரடி வேலைகள் 250. பக்கத்துச் செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் தினமும் போய் வருகிறார்கள்.

பெண் சம்பாதித்தால் வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்புக் கூடுகிறது. அதே நேரம், குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வியும் வருகிறது. மாதச் சம்பளத்தைக் காட்டினால் தவணைக் கடனும் வட்டியும் எளிதாக வீட்டுக்குள் நுழைகின்றன. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கூலிக்குப் போகும் ஆசை பிள்ளைகளுக்கு வருகிறது.

ஆம்பூர், வாணியம்பாடியை நாம் மறக்கக் கூடாது. அங்கே தோல் தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றார்கள். கல்விக்கும் வாரிக் கொடுத்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. ஆனால் தோல் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலையில் ஒரு நாள்கூட வேலை செய்யாத விவசாயியும் அதற்கு விலை கொடுத்தார்.

எனவே வேலைக்குச் சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. வேலை நேரடியா, ஒப்பந்தக்காரர் மூலமா? எதுவானாலும் நியமனக் கடிதமும் மாதந்தோறும் சம்பளச் சீட்டும் வாங்குங்கள்.

2. பி.எஃப். பிடித்தால் உங்கள் பங்கு 12 சதவீதம். நிறுவனமும் அதே அளவு செலுத்த வேண்டும். பணம் கணக்கில் ஏறுகிறதா என்று கைபேசியிலேயே பார்க்கலாம்.

3. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. பிடித்தம் 0.75 சதவீதம்தான், சிகிச்சை குடும்பத்துக்கும் கிடைக்கும்.

4. வாரத்துக்கு 48 மணி நேரமே வழக்கமான வேலை. அதற்கு மேல் செய்தால் இரு மடங்கு கூலி.

உழைத்தவரின் கூலியை நிறுத்தி வைக்காதே என்று சொல்லும் மார்க்கம் நம்முடையது. அந்த உரிமையைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். பிள்ளைகளை ஐ.டி.ஐ.யோ பாலிடெக்னிக்கோ முடிக்க வையுங்கள். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் நிறமோ ருசியோ மாறினால், ஜமாஅத்தார் கூடி உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.